மூன்று வேட்பாளரும் ஒரு பொன்னாடையும்

செபஸ்தியாம்பிள்ளைக்கு அல்போன்சம்மா மேல் ஒரு மனக்குறை இருந்தது. நேற்று முந்தநாள் வந்ததல்ல. மாதா கோயிலின் நிலவறை மண்டபத்தில் தமிழ்ச் சனம் கூட்டம் வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இருந்தது. அங்கே எந்த விழா நடந்தாலும் இரும்புக் கதிரைகளை விரித்து வரிசையாகப் போடுகிறவர் அவர். முடிந்ததும் மடித்துச் சுவரோடு அடுக்குகிறவரும் அவர்தான். நத்தார் ஒளிவிழா, அந்தோனியார் திருநாள், பிள்ளைகளின் பரிசளிப்பு, ஊரில் செத்தவர்களுக்கு அஞ்சலி, எல்லாவற்றுக்கும் அவர் கைதான். கேட்டால் மாட்டேன் என்று சொன்னதில்லை. கேட்காவிட்டாலும் வந்து நிற்பார்.

அந்த மேடையில் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்தியாயிற்று. விமானச் சீட்டு விற்கிறவருக்குப் போர்த்தினார்கள். காப்புறுதிக்காரருக்குப் போர்த்தினார்கள். பத்து நிமிடம் வந்து நின்று வணக்கம் என்ற ஒரே சொல்லையும் பிழையாகச் சொல்லிவிட்டுப் போன நகரசபை உறுப்பினருக்கும் போர்த்தினார்கள். ஒருமுறை மண்டபத்துச் சூடாக்கியைத் திருத்த வந்த மனிதன் வழி தெரியாமல் மேடைப் பக்கம் வந்து நின்றான். அவனுக்கும் ஒன்று விழுந்தது. செபஸ்தியாம்பிள்ளைக்கு மட்டும் விழவில்லை.

பொன்னாடைப் பை அல்போன்சம்மாவின் கையில் இருந்தது. யாருக்குப் போர்த்துவது என்பதும் அவர் வைத்த சட்டம்தான். ஆகவே குற்றவாளி யார் என்பதில் செபஸ்தியாம்பிள்ளைக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வாய் திறக்கமாட்டார். திறந்தால் கேட்டு வாங்கியதாகிவிடும். கேட்டு வாங்குகிற பொன்னாடையைத் தோளில் போடுவதற்குப் பதில் ஈரத் துவாயைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷேர்புறூக் வீதிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பழைய செங்கல் கட்டடத்துக்கு அவர் பராமரிப்பாளர். பனி தள்ளுவது, குழாய் திருத்துவது, குப்பை கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. குடியிருப்பு நிலவறையில். அவர் தலைக்கு நேர் மேலே அல்போன்சம்மாவின் வீடு. வீடு என்றால் வெறும் வீடு இல்லை. பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான கார்டெரி, அதாவது பிள்ளைகள் காப்பகம். விடிந்தால் ஆறு பிள்ளைகள் அவர் கூரையில் குதிக்கத் தொடங்குவார்கள். அவர் தும்புத்தடியால் மேலே இரண்டு தட்டுத் தட்டுவார். மேலிருந்து ஆறு சோடிக் கால்கள் சேர்ந்து பதில் தட்டும். அது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. அதைப் பழக்கிவிட்டதும் அல்போன்சம்மாதான்.

மன்னாரில் பேசாலைப் பக்கம் பிறந்த மனுசி. கணவன் போனபிறகு ஒரே மகள் றொஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு மொன்ட்ரியால் வந்து, குளிர்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பொத்தான் தைத்தார். தொழிற்சாலையை ஒருநாள் இழுத்து மூடினார்கள். கூட வேலை செய்த பெண்கள் வாசலில் நின்று அழுதபோது இவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரிஞ்சது ரெண்டு வேலை. பொத்தான் தைக்கிறதும் பிள்ளை வளர்க்கிறதும். பொத்தான் போச்சு. சரி, மற்றதைப் பாப்பம்." அதற்குரிய படிப்பைப் படித்து, வீட்டைச் சோதிக்க வந்தவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, அனுமதி எடுத்துவிட்டார்.

பிரெஞ்சு அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, பிள்ளைகளிடமிருந்து வந்தது. அதனால் பெரிய மனிதர்களோடும் மூன்று வயதுப் பிள்ளையோடு கதைப்பதுபோலத்தான் கதைப்பார். வங்கி முகாமையாளரிடம், "நீ இப்ப நல்ல பிள்ளையாய் இருந்து இதிலை கையெழுத்து வை, பாப்பம்" என்பார். அவரும் வைப்பார். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களுக்கு அவர் மதாம் அல்போன்ஸ். அல்போன்ஸ் என்பது புருசனின் பெயர் என்று அவர்கள் நினைப்பு. புதிதாக வந்த தபால்காரன் ஒருவன், "அல்போன்ஸ் வீட்டில் இருக்கிறாரா?" என்று கேட்டான். "நான்தான் அவர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் மாகாணத் தேர்தலை அறிவித்தார்கள். மின்கம்பம் எல்லாம் சிரித்த முகங்கள். முகங்களுக்குக் கீழே அழுக்குப் பனி.

அந்தக் கட்டடத்தின் பாராளுமன்றம் உடுப்புத் தோய்க்கிற அறையில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு கூடும். இயந்திரங்கள் சுற்றும்வரை கதை ஓடும். இரண்டாம் மாடி அருமைராசா டாக்சி ஓட்டுகிறவன், எந்தக் கதைக்கும் முதல் ஆள். அவன் மனைவி றோஸ்மேரி ஒரு விடுதியில் வேலை. அவர்களின் மகன் ஜெனாட், மூன்று வயது, அல்போன்சம்மாவின் கார்டெரியில்.

"அண்ணை, இந்த முறை நான் மூண்டாவது கட்சிக்குத்தான்," என்றான் அருமைராசா.

"போன முறையும் இதைத்தான் சொன்னனி," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "பேந்து மழை பெய்யுது எண்டு வீட்டிலை படுத்திட்டாய்."

"அது மழை. இது நூறு டொலர் அண்ணை!"

"ஏன், ஆளுங்கட்சிக்கு என்ன குறை?" என்று கேட்டாள் றோஸ்மேரி.

"என்ன குறையோ? கை முறிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனன். அவசரப் பிரிவாம். என்ரை பேரைக் கூப்பிடேக்கை கை தானாய்ப் பொருந்திப் போச்சு."

"அப்ப இந்த மாகாணத்தைத் தனிநாடாய்க் கேக்கிற கட்சிக்குப் போடுங்கோவன்."

"விசரே உமக்கு? அவங்கள் வந்தால் திரும்பவும் பெட்டி கட்டவேணும்."

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அல்போன்சம்மா நிமிர்ந்தார். "அருமை, ஊரிலை தனிநாடு கேட்டம். இஞ்சை அவங்கள் கேட்டால் வேண்டாம் எண்டுறம். ஏனெண்டு ஒரு வெள்ளைக்காரன் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"எனக்குப் பிரெஞ்சு விளங்கேல்லை எண்டு சொல்லுவன் அக்கா."

அறை முழுக்கச் சிரித்தது. செபஸ்தியாம்பிள்ளையும் சிரித்தார், மற்றப் பக்கம் திரும்பி நின்று.

பிறகு அந்த நூறு டொலர்க் கதை வந்தது. மூன்றாவது கட்சியின் வேட்பாளர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வாக்குறுதி அது. பிள்ளையைக் கார்டெரியில் விடாமல் வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பத்துக்குக் கிழமைக்கு நூறு டொலர்.

"யோசிச்சுப் பாருங்கோ," என்றான் அருமைராசா. "றோஸ் வீட்டிலை நிண்டால் காசும் வரும், பிள்ளையும் வீட்டிலை. சுடச்சுடச் சோறு."

"அதுதானே பாத்தன், எங்கை இன்னும் சோறு வரேல்லை எண்டு," என்றாள் றோஸ்மேரி. "நான் வேலைக்குப் போறது காசுக்கு மட்டும் எண்டு நினைச்சியளோ? உங்கடை முகத்தைப் பகலிலையும் பாக்கவேண்டாம் எண்டுதான் போறன்."

"நீர் சும்மா இரும். மாடியிலை இருக்கிற மற்றத் தமிழ்க் குடும்பமும் அப்பிடித்தான் யோசிக்குதாம். என்ன அக்கா, நீங்கள் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?"

அல்போன்சம்மா ஒரு சின்னக் காலுறையின் சோடியைத் தேடிக்கொண்டிருந்தார். "நான் என்ன கதைக்கிறது?" என்றார். "ரெண்டு பிள்ளை நிண்டால் என்ரை கடை மூடு. அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வயதில் மூன்றாவதாக ஒரு வேலை பழக அவரால் முடியாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அருமைராசா தன் கூடையைத் தூக்கிக்கொண்டு நழுவினான்.

மற்ற நாள் அல்போன்சம்மா நிலவறைக்கு இறங்கி வந்தார். "செபஸ்தி, சனிக்கிழமை கதிரை போடவேணும். மூண்டு வேட்பாளரையும் கூப்பிட்டிருக்கிறன்."

"என்னத்துக்கு அக்கா?"

"எல்லாருக்கும் முன்னாலை அந்த நூறு டொலர்க்காரனிட்டை ஒரு கேள்வி கேக்கவேணும்."

"என்ன கேள்வி?"

"கேக்கேக்கை கேளன்."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. றோல்ஸ், வடை, தேத்தண்ணி. அரசியல்வாதியைக் கூப்பிட்டால் வருவேன் என்பான், வரமாட்டான் என்று அல்போன்சம்மா கணக்குப் போட்டிருந்தார். ஒருவர் வந்தாலே பெரிய காரியம். அதனால் பையில் ஒரே ஒரு பொன்னாடைதான் இருந்தது. மயில் கரை போட்ட ஊதா நிறச் சால்வை. மற்றவையெல்லாம் ஒளிவிழாவோடு முடிந்துபோயின.

ஆளுங்கட்சி அம்மா வந்தார். தனிநாட்டுக் கட்சி ஐயா வந்தார். கடைசியாக, பனியை உதறிக்கொண்டு, மூன்றாவது கட்சியின் மிசியே பிலோடோவும் வந்தான். முப்பது வயதுகூட இராது. நெடுவல், சிவந்த காது.

அல்போன்சம்மா செபஸ்தியாம்பிள்ளையின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தார். "ஒண்டுதான் கிடக்கு!"

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"ஒருத்தருக்குப் போர்த்தி, மற்றவைக்குப் போர்த்தாமல் விட்டால் எங்கடை சனம் அவருக்குத்தான் வோட்டு எண்டு ஆகிப்போம். நான் போர்த்திறன். கை தட்டி முடிய நீ பின்னாலை வந்து மெல்லமாய்க் கழட்டு. குசினியாலை சுத்திக் கொண்டு வந்து தா. நான் மற்றவருக்குப் போர்த்திறன்."

செபஸ்தியாம்பிள்ளைக்கு உள்ளே எரிந்தது. ஒரு பொன்னாடையைத் தொடக் கிடைத்ததும் இப்படியா? இருந்தாலும் போனார்.

ஆளுங்கட்சி அம்மாவுக்குப் போர்த்தினார்கள். கை தட்டினார்கள். செபஸ்தியாம்பிள்ளை ஒரு கையில் வடைத் தட்டோடு பின்னால் போய், எண்ணெய் பட்டுவிடும் என்று சைகை காட்டி மற்றக் கையால் சால்வையை எடுத்தார். அந்த அம்மா அவரைக் கோட்டு வாங்கி வைக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டார். "மெர்சி, மிசியே!" என்று அவர் உள்ளங்கையில் இரண்டு டொலர் நாணயக் குற்றி ஒன்றை வைத்து அழுத்தினார். செபஸ்தியாம்பிள்ளை அந்தக் குற்றியைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். இரண்டோடும் குசினிக்குள் போனார்.

தனிநாட்டுக் கட்சி ஐயா சால்வையைக் கழுத்தில் குளிருக்குச் சுற்றுவதுபோலச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். அந்த முடிச்சை அவிழ்த்து எடுப்பதற்குள் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம் போயிற்று. மூன்றாவதாகப் பிலோடோவுக்குப் போர்த்தினார்கள். செபஸ்தியாம்பிள்ளை பின்னால் போய்க் கரையைப் பிடித்தார். அவன் திரும்பிப் பார்த்து, சால்வையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இல்லை இல்லை, மிகவும் அழகாக இருக்கிறது! நான் போட்டுக்கொண்டே பேசுகிறேன்!"

பேசினான். நூறு டொலரைப் பற்றித்தான். றொஷினி வரிக்கு வரி தமிழில் சொன்னாள். ஆண்கள் பக்கத்தில் நல்ல கைதட்டல், அருமைராசாவினுடையது எல்லாவற்றிலும் பெரிது. பேச்சு முடிய, கேள்வி உண்டா என்று கேட்டார்கள். எல்லாரும் அல்போன்சம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். வாயைத் திறந்தார். தான் போர்த்திய சால்வையோடு எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டியோ தம்பி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிலோடோ போகும்போது கோட்டுக்குக் கீழே மயில் கரை தொங்கியது. அடுத்த கிழமை இலவசப் பத்திரிகையில் படம் வந்தது. அல்போன்சம்மா போர்த்துகிறார், அவன் சிரிக்கிறான். தமிழ்ச் சமூகம் அவன் பக்கம் என்று கீழே எழுதியிருந்தது.

தோய்க்கிற அறையில் அருமைராசா அந்தப் படத்தை இயந்திரத்தின் மேல் விரித்து வைத்தான். "அக்காவே போர்த்திப்போட்டா. இனி நாங்கள் என்ன கதைக்கிறது? தேர்தல் முடியட்டும், ஜெனாட்டை நிப்பாட்டுவம்."

"ஆர் நிப்பாட்டிறது?" என்றாள் றோஸ்மேரி. ஆனால் அவள் குரலும் முன்னைப்போல் இல்லை.

அல்போன்சம்மா படத்தை எடுத்து மடித்தார். "அண்டைக்கு ஏன் அக்கா கேள்வி கேக்கேல்லை?" என்று செபஸ்தியாம்பிள்ளை கேட்டார்.

"போர்த்தின கையோடை எப்பிடியடா சண்டை பிடிக்கிறது? அவன் என்ரை விருந்தாளி." கொஞ்சம் யோசித்தார். "சால்வை என்ரை கைக்கு வந்தால் கேக்கலாம்."

"பொன்னாடையைத் திருப்பிக் கேக்கிறதோ! சனம் காறித் துப்பும்."

"அப்ப நீயும் வா. துப்பிற ஆக்களுக்கு ரெண்டு முகம் இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை ஷேர்புறூக் வீதியால் ஓர் ஊர்வலம் போயிற்று. முன்னால் அல்போன்சம்மா. அவர் கையில் வளையங்கள் கட்டிய ஒரு நீளக் கயிறு. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பிள்ளை, பனியுடுப்புக்குள் உருண்டையாக. ஜெனாட்டும் இன்னொரு தமிழ்ப் பெட்டையும், இரண்டு கெயிட்டிப் பொடியள், ஒரு பிலிப்பைன்ஸ் பெட்டை, ஒரு வெள்ளைக்காரப் பொடியன். கடைசி வளையத்தில் செபஸ்தியாம்பிள்ளை. வீதியில் தெரிந்தவர்கள் யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனார்.

பிலோடோவின் தேர்தல் அலுவலகம் முன்பு சப்பாத்துக் கடையாக இருந்த இடம். பிள்ளைகளைக் கண்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல். "மதாம் அல்போன்ஸ்! பிள்ளைகளோடு! யாராவது கமராவைக் கொண்டு வாருங்கள்!" சால்வையை அவன் மேசைக்குப் பின்னால் சுவரில் விரித்து மாட்டியிருந்தான்.

"அந்தத் துணியைத் தா," என்றார் அல்போன்சம்மா.

"மன்னிக்கவேண்டும், எதை?"

"அதை. மரியாதைக்குத் தந்தனான். இப்ப திருப்பித் தா. நான் உன்னோடை சண்டை பிடிக்கவேணும். அது உன்னட்டை இருக்குமட்டும் ஏலாது. எங்கடை வழக்கம் அப்பிடி."

செபஸ்தியாம்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பார். அவனோ ஒரு நிமிடம் விழித்துவிட்டு, கதிரையில் ஏறி, சால்வையைக் கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தான். அல்போன்சம்மா அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்ல பிள்ளை. இப்ப என்ரை கேள்வி. பிள்ளையை வீட்டிலை வைச்சுப் பாக்க நூறு டொலர் காணும், போதும் எண்டு சொல்லுறாய். உனக்குப் பிள்ளை இருக்கோ?"

"இல்லை, மதாம்."

"சரி. இந்த ஆறு பேருக்கும் வேர்க்குது. சப்பாத்தையும் பனியுடுப்பையும் கழட்டு. நான் இப்ப இடைவேளை."

அவன் சிரித்தான். பகிடி என்று நினைத்தான். அவர் சிரிக்கவில்லை. பிலோடோ முழங்காலில் நின்று முதல் சப்பாத்தைப் பிடித்தான். சப்பாத்து வந்தது, காலுறையும் சேர்ந்து வந்தது. இரண்டாவது பிள்ளையின் பனியுடுப்புக் கொழுவி இறுகிவிட்டது. மூன்றாவது பிள்ளையிடம் வருவதற்குள் முதல் பிள்ளை நாலாவது பிள்ளையின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டது. பிலிப்பைன்ஸ் பெட்டை துண்டுப்பிரசுரங்களைத் தரையில் அடுக்கி, அவற்றில் சிரித்த அவன் முகத்தின் மேல் நடந்தாள். வெள்ளைக்காரப் பொடியன் தொலைபேசியை எடுத்து யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தான். தொண்டர்கள் மூன்று பேர் ஓடி வந்து கை கொடுத்தார்கள். கடைசியில் ஜெனாட்டின் பனியுடுப்பையும் ஒருவாறு உரித்து எடுத்து, பிலோடோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"எனக்கு மூத்திரம் வருது," என்றான் ஜெனாட்.

"எனக்கும்," என்றார்கள் மற்ற ஐந்து பேரும்.

செபஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. யன்னலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

எல்லாம் முடிந்து, திரும்ப உடுப்பு மாட்டியும் முடிந்தபோது பிலோடோவின் கழுத்துப்பட்டி முதுகுப் பக்கம் போயிருந்தது. அல்போன்சம்மா எழுந்தார். "இன்னும் பத்து மணிகூட ஆகேல்லை," என்றார். "இனி சாப்பாடு, நித்திரை, சண்டை, மூக்கு. சொல்லு பாப்பம், நூறு காணுமோ?"

பிலோடோ கதிரையில் விழுந்தான். "மதாம்," என்றான், "நீங்கள் சொல்வது சரி என்று சொல்ல எனக்குக் கட்சியில் அனுமதி இல்லை."

"பறவாயில்லை. அனுமதி வந்த பேந்து தேத்தண்ணி குடிக்க வா."

திரும்பி வருகிற வழியில் செபஸ்தியாம்பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். சிரித்த வாயோடு, அத்தனை வருடம் உள்ளே கிடந்ததும் வெளியே வந்துவிட்டது. "அது சரி அக்கா. சூடாக்கி திருத்த வந்தவனுக்கும் போர்த்தினியள். எனக்கு ஏன் ஒருக்காலும் போர்த்தேல்லை?"

அல்போன்சம்மா நின்றார். கயிறும் நின்றது. "உனக்கோ? உனக்கேனடா? போர்த்திறது வந்து போற ஆக்களுக்கு. நீ என்ன வந்து போற ஆளே?"

நல்ல கதைதான். ஆனாலும் சால்வை சால்வைதானே என்று செபஸ்தியாம்பிள்ளை கொஞ்சத் தூரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு தோய்க்கிற அறையில் கதை சொன்னவர் அவர். வாய் பேசாத மனிதன் என்று பேரெடுத்தவர், பிலோடோ முழங்காலில் நின்றதையும் ஆறு பேருக்கும் மூத்திரம் வந்ததையும் நடித்தே காட்டினார். சனம் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. றோஸ்மேரி மட்டும் மேலே போய் ஜெனாட்டையும் அவன் பனியுடுப்பையும் கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ. நூறு டொலர்க்காரர். ஒருக்கா மாட்டி விடுங்கோ பாப்பம்."

"இது என்ன பெரிய வேலையே?" என்று அருமைராசா குந்தினான். ஜெனாட்டின் இரண்டு காலையும் ஒரே பக்கத்தில் விட்டான். பிள்ளை மீன்போலத் துள்ளி விழுந்தது. மாடியில் இருந்த மற்றத் தமிழ்ப் பிள்ளையின் தகப்பன் உதவிக்கு வந்து பிள்ளையின் தாடையைக் கொழுவியில் மாட்டிவிட்டான். கடைசியில் ஜெனாட்டே அழுதுகொண்டு சொன்னான்: "அப்பா, நீங்கள் வேண்டாம். மதாம் அல்போன்ஸ் செய்யட்டும்."

பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை தேர்தல். அருமைராசா வோட்டுப் போட்டுவிட்டு வந்தான். யாருக்கு என்று சொல்லவில்லை. எவ்வளவு சீண்டியும் சொல்லவில்லை, அவனுடைய சரித்திரத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. மற்ற நாள் விடிந்ததும் செபஸ்தியாம்பிள்ளை தும்புத்தடியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தட்டுத் தட்டினார். மேலிருந்து பதில் வந்தது. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, ஆறு சோடியும் இருந்தன. அவர் போய்ப் பனி தள்ளினார்.

பிலோடோ அந்தத் தொகுதியில் மூன்றாவதாக வந்தான். சித்திரையில் ஒருநாள், கமரா இல்லாமல், தேத்தண்ணி குடிக்க வந்தான். இரண்டு வடை தின்றான். ஒரு பிள்ளையின் சப்பாத்தை ஒரே இழுப்பில் கழற்றிக் காட்டினான். அவனுக்கு இரண்டாம் முறை யாரும் போர்த்தவில்லை.

அடுத்த வருடம் அல்போன்சம்மாவின் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. கர்க்லாண்டில் வீடு வாங்கியிருந்த றொஷினிக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. வந்துவிடுங்கள் அம்மா என்று அவள் பிடியாய்ப் பிடித்தாள். கார்டெரியை றோஸ்மேரி எடுத்தாள். மாலை வகுப்புக்குப் போய் அதற்குரிய படிப்பையும் முடித்திருந்தாள். அருமைராசா எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்: "நான் மனிசி வீட்டிலை நிக்கவேணும் எண்டு கேட்டன். நிக்கிறா. ஆனா ஆறு பேரோடை. சோறு அவைக்குத்தான் முதல்."

கார்த்திகையில் மண்டபத்தில் பிரியாவிடை வைத்தார்கள். கர்க்லாண்ட் காரில் அரை மணித்தியாலம். ஏதோ கடல் கடந்து போகிறவருக்குப் போலச் சனம் வந்து குவிந்தது. வழக்கம்போலக் கதிரை போட்டவர் செபஸ்தியாம்பிள்ளை. அன்று ஒவ்வொரு கதிரையையும் துடைத்துத்தான் போட்டார்.

"அக்கா, இனி மகளின்ரை பிள்ளையைச் சம்பளம் இல்லாமல் பாக்கப் போறியள்," என்றான் அருமைராசா. "அண்டைக்கு அந்தப் பொடியனை வெல்ல விட்டிருந்தால் இப்ப கிழமைக்கு நூறு டொலர்."

"வாயை மூடு, அருமை. உனக்குப் பிள்ளைக்குக் கால் மாட்டத் தெரியாது."

பங்குத்தந்தை மேடைக்கு வந்துவிட்டார். ஒலிவாங்கியில் யாரோ ஊதினார்கள். அல்போன்சம்மா எழுவதற்கு முன் செபஸ்தியாம்பிள்ளையைக் கண்ணால் கூப்பிட்டார். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். பொன்னாடைப் பையை அவர் கையில் வைத்தார் அல்போன்சம்மா. உள்ளே மயில் கரை போட்ட ஊதாச் சால்வை, தோய்த்து மடித்தபடி.

"செபஸ்தி, கவனமாய்க் கேள். இதைத்தான் பாதர் எனக்குப் போர்த்தப் போறார். படம் எடுப்பினம், கை தட்டுவினம். எல்லாம் முடிய, நான் கதவைத் தாண்ட முதல், பின்னாலை வந்து மெல்லமாய்க் கழட்டி எடுத்துப் பையிலை வை. டிசம்பரிலை திரும்பவும் எலெக்சனாம், மூண்டு பேரும் வருவினம், கிடக்கிறது இந்த ஒண்டுதான். அதோடை, நான் என்ன வந்து போற ஆளே?"